மூத்த தாரத்தின் பெயரைத் தேடி

தம் தாயாரை மணப்பதற்கு முன்பே தந்தைக்கு வேறொரு விவாகம் நடந்திருந்தது என்பதைப் பிள்ளைகள் பெரும்பாலும் அவர் காலமான பின்னர், வாரிசுச் சான்றிதழுக்கு மனுக் கொடுக்கும் வேளையிலோ, துக்க வீட்டில் முதிய உறவினர் ஒருவர் வாய்தவறி உதிர்த்த சொல்லிலோதான் அறிகிறார்கள். அறிந்தவர் உடனே திருமணப் பதிவேட்டைத் தேடிப் புறப்படுவது இயல்பே. ஆனால் தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தாக வேண்டும் என்ற சட்டம் 2009-இல்தான் இயற்றப்பட்டது. ஆதலால் 1940-களில் ஊர்ப்பந்தலில் நடந்த இந்து விவாகத்துக்குச் சர்க்கார் ஏடு இருக்குமென்று நம்பிப் போகிறவர் வெறுங்கையோடு திரும்ப நேரும். விவாகம் ஏட்டில் ஏறாவிட்டாலும், அதன் பயனாக எழுந்த கடமைகளும் சொத்துரிமைகளும் எங்கேனும் எழுதப்பட்டிருக்கும்; அந்தத் தடத்தைப் பற்றிப் பின்னோக்கி நடப்பதே உற்ற வழி.

முதலில் வீட்டிலிருந்து தொடங்குங்கள். வயதான அத்தையிடம், “அப்பாவுக்கு முதல் சம்சாரம் இருந்தார்களா?” என்று நேராகக் கேட்டால் வாய் மூடிக்கொள்வார், “நம் வீட்டுக்கு எந்தெந்த ஊரில் பெண் எடுத்தார்கள், அத்தை?” என்று கேட்டால் ஊர்ப்பெயர்கள் தாமாக வரும். வடமாவட்டங்களில் பூவாடைக்காரிக்குப் படைக்கும் குடும்பமாயின், படையலில் யாருக்காகப் புடவை வைக்கப்படுகிறது என்று விசாரியுங்கள். சுமங்கலியாக இறந்தவரை வீட்டுத்தெய்வமாகக் கும்பிடும் வழக்கத்தில், தந்தையின் மூத்த தாரமே பெயர் மறைந்து வீற்றிருக்கக்கூடும். பழைய மொய் நோட்டுகளையும் புரட்டுங்கள். உறவென்று ஒருவரும் இல்லாத ஊரிலிருந்து தாய்மாமன் செய்யத்தக்க பெருந்தொகையோ சீரோ வந்திருக்குமாயின், அதுவே அந்த அம்மையாரின் பிறந்தகமாக இருக்கலாம்.

ஊர் தெரிந்ததும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் செல்லுங்கள். என் அனுபவத்தில் இத்தேட்டத்தின் பெரும்பலன் கிட்டுவது இங்கேதான். ஏனெனில் மணவாழ்வில் மனஸ்தாபம் நேர்ந்து பிரிந்தவருக்கு ஜீவனாம்சமாக நிலம் எழுதிவைத்ததும், மூத்த தாரத்தின் பிள்ளைகளுக்குப் பாகம் பிரித்ததும், பணம் பெற்றுக்கொண்டு அவர்கள் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்ததும், ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் முதல் தாரத்துக் குமாரன்’ என்ற உறவு விவரத்தோடு தஸ்தாவேஜுகளில் நின்றுவிடுகின்றன. தந்தை பெயரிலும் பாட்டனார் பெயரிலும் இருந்த நிலங்களின் சர்வே எண்களைக் குறித்துக்கொண்டு வில்லங்கச் சான்று கோருங்கள்; கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்குத் தனியே மனுச் செய்து தேடச் சொல்லுங்கள். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதியப்படும் முதல் புத்தகத்தைக் கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம். உயில்கள் பதியப்படும் மூன்றாம் புத்தகத்திலிருந்து, எழுதியவர் இறந்த பின்னர், கேட்பவர் எவரும் நகல் பெறலாம். வில்லங்கச் சான்றோடு நின்றுவிடாமல் பத்திரத்தின் முழு நகலையும் வாங்குங்கள். சான்றில் பெயர் மட்டும் இருக்கும், உறவைச் சொல்வது பத்திரத்தின் வாசகமே.

குடும்பம் கிறிஸ்தவக் குடும்பமாயின் வேலை எளிது. 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எழுதப்பட்ட திருமணப் பதிவேட்டில் மணமகனின் வயது, தொழில், தந்தை பெயர் ஆகியவற்றோடு அவர் மணமாகாதவரா, மனைவியை இழந்தவரா என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். ஆகவே தாயாரை மணந்த நாளின் பதிவே முந்தைய விவாகத்துக்குச் சாட்சியாகிவிடும். முஸ்லிம் குடும்பத்தார் ஜமாஅத்தின் நிக்காஹ் புத்தகத்தைக் கேட்டுப் பார்க்கலாம். தந்தை அரசுப் பணியில் இருந்தவராயின், பணிப்பதிவேட்டில் நியமனதாரரின் பெயர் அடித்து மாற்றப்பட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். மூத்த தாரம் இறந்திருந்தால், அவர் இறந்த ஊரின் இறப்புப் பதிவேட்டிலும் தேட வேண்டும்.

கிடைத்ததையெல்லாம் அவசரப்பட்டு ஒட்டவைத்துவிடாதீர்கள். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் நம் வழக்கத்தால் ஒரே ஊரில் ஒரே பெயரும் ஒரே தலைப்பெழுத்தும் உடையவர் இருவர் மூவர் இருப்பார்கள். தந்தை பெயர், ஊர், சர்வே எண் ஆகிய மூன்றும் ஒத்தாலன்றி அவர் உங்கள் தந்தையென்று கொள்ளற்க. மறுமணம் நடந்திருப்பதனாலேயே முதல் மனைவி மாண்டுபோனார் என்றும் எண்ண வேண்டாம்; சென்னை மாகாணத்தில் இந்து ஆடவரின் இருதார மணத்தைத் தடுக்கும் சட்டம் 1949-இல்தான் வந்தது; அதற்கு முன் ஒருவர் உயிரோடிருக்கும்போதே மற்றொருவரை மணப்பது சட்டத்துக்கு மாறானதன்று. அவர் பிறந்தகத்தில் நெடுங்காலம் வாழ்ந்திருக்கலாம். அவருடைய மக்கள் உங்கள் உடன்பிறந்தார்.

மூத்த தாரத்தின் ஊருக்குப் போகுமுன், தாயார் உயிரோடிருந்தால் அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அவர் பல்லாண்டுகளாக மனத்தில் அடக்கிவைத்த ஒன்றைப் பிறர் வாயிலாகக் கேட்கும்படி விடுவது முறையன்று. போகிற வீட்டில் பத்திர நகல்களைப் பையைவிட்டு எடுக்க வேண்டாம். திண்ணையில் அமர்ந்ததும், “சொத்து விஷயமாக வரவில்லை, பெரியம்மாவின் பெயரைத் தெரிந்துகொள்ள வந்தேன்” என்று சொல்லுங்கள். அதன்பின் அவர்கள் பேசுவதைக் குறுக்கிடாமல் கேளுங்கள்.