கோடிங் வகுப்பா, குருத்துப் புழுவா?

கேள்வி: பெரம்பலூர் பக்கம் மக்காச்சோள விவசாயம் எங்களுக்கு. மகள் ஏழாம் வகுப்பு. செயற்கை நுண்ணறிவு வேலைகளையெல்லாம் மாற்றிவிடும் என்கிறார்கள். இப்போதே கோடிங் வகுப்பில் சேர்க்கட்டுமா?

பதில்: அவசரம் வேண்டாம். 2018-ல் உங்கள் பக்கத்து மக்காச்சோளத்தைப் படைப்புழு சூறையாடியது நினைவிருக்கும். அந்தப் புழுத் தாக்குதலை இலையைப் பார்த்தே சொல்லும் 'நூரு' என்ற செயலியை, ஆப்பிரிக்க விவசாயிகளுக்காக ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் கொண்டுவந்தது. அதற்குக் கற்றுக்கொடுத்தவை, விவரம் தெரிந்தவர்கள் பார்த்துக் குறித்துவைத்த படங்கள்தாம். அந்தக் கண்தான் உங்கள் மகளுக்கு வேண்டும்.

வயலுக்குக் கூட்டிப் போங்கள். குருத்தைப் பிரித்துக் காட்டுங்கள்: புழுவின் தலையில் தலைகீழ் 'ஒய்' கோடு, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். படமெடுத்து, இது என்ன புழு என்று கைப்பேசியில் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்கட்டும். சொன்ன பதில் சரியா என்று அவளே சோதிக்கட்டும். இயந்திரம் அடித்துச் சொல்வதும் தப்பாகலாம் என்பது அப்போதுதான் உறைக்கும். சாத்தனூர் கல்மரம், அரியலூர் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகம் என்று கூட்டிப் போனால், அங்கேயும் இதே பயிற்சிதான்: கூர்ந்து பார்ப்பது, கேட்பது, சோதிப்பது.

கணக்கில் கெட்டியாகட்டும், தமிழில் கோர்வையாகக் கேள்வி கேட்கப் பழகட்டும். கோடிங் பிறகு வரும். 2022-ல் தொடங்கிய தமிழக அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டமும் இருக்கிறது. தனியார் வகுப்புக்கு இப்போது பணத்தைக் கொட்டாதீர்கள்.