இல்லந்தோறும் உடலியக்கம்: வழிகாட்டும் முறை

நடத்தல் உடலுக்கு நன்று என்பதைக் கேளாத குடும்பம் இன்று இல்லை. கேட்டபின் நடப்போர் எத்துணைப் பேர்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2014இல் வெளியான ஆய்வொன்று, தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் 14,227 பேரை வினவியது. அவர்களுள் 54.4 விழுக்காட்டினர் போதிய உடலியக்கம் அற்றவர்கள். ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சியோ விளையாட்டோ மேற்கொண்டவர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. குறை அறிவில் இல்லை. அறிந்ததை அவரவர் வாழ்க்கைக்குப் பொருத்திக் காட்டுவார் இல்லாமையே குறை என்பது நம் கருத்து.

மாணவன் எங்கு நிற்கிறானோ அங்கிருந்தே பாடம் தொடங்க வேண்டும் என ஆசிரியப் பயிற்சியில் கற்றோம். சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்விலும் இம்முறையையே காண்கிறோம். நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரை மூன்றாண்டுகள் கவனித்தனர். அவர்களுள் ஒரு பிரிவினர்க்குத் தனித்தனியே உணவு பற்றியும் உடலியக்கம் பற்றியும் வழிகாட்டப்பட்டது. உழைப்பாலோ மிதிவண்டியாலோ நாள்தோறும் 30 நிமிடத்திற்கு மேல் உடலை இயக்கியவரிடம், உள்ளதையே தொடருமாறு கூறினர். அமர்ந்தே பொழுது கழிப்போர்க்கு மட்டும் விரைநடை கூறினர். மாதந்தோறும் தொலைபேசியில் விசாரித்தனர். ஆறு திங்களுக்கு ஒருமுறை நேரில் கண்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்கு ஆளாயினர். வழிகாட்டல் பெற்ற பிரிவிலோ ஏறத்தாழ 39 பேரே. இத்தனைக்கும் இவர்தம் உடல் எடை குறையவில்லை! எடை இறங்கவில்லை என்று பத்தாம் நாளே நடையை நிறுத்துவோர் இதனை நோக்குக.

குழுவாகக் கூடிப் பேசினால் போதாதா எனச் சிலர் வினவலாம். கேரளத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் 1,007 பேரைக் கொண்டு, அண்டை அயலாருள் சிலரையே வழிகாட்டிகளாக்கிச் செய்த முயற்சியின் முடிவு 2018இல் வெளிவந்தது. இரண்டாண்டுகளில் நோயுற்றோர் இப்பிரிவில் 14.9 விழுக்காடு, மற்றதில் 17.1 விழுக்காடு. இவ்வேறுபாடு உறுதியானதன்று என ஆய்வாளரே கூறினர். கூட்டம் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. கூட்டத்தோடு ஒவ்வொரு வீட்டு வாயிலையும் மிதிக்க வேண்டும் என்கிறோம்.

நம் ஊர்களில் ஒருவர் ஐந்தாறு இல்லங்களை ஏற்கலாம். முதல் நாள் அறிவுரை எதுவும் கூறலாகாது, கேட்டலே பணி. எழும் நேரம் யாது, எவர் எத்துணை நேரம் அமர்கிறார், முழங்கால் வலி உண்டா, தெரு நடக்கத்தக்கதா என வினவிக் குறித்துக்கொள்க. வந்தவாசிப் பக்கம் கழனியில் இறங்கி உழைப்பவர்க்கு நடைப்பயிற்சி கூறுவது வீண். சென்னையில் நாற்காலியில் அமர்ந்து பணியாற்றும் அவர் மகனுக்கே அது தேவை.

மருமகளின் நிலையை விரிவாகக் காண வேண்டும். விடியல் முதல் அடுக்களையில் நிற்கும் அவளிடம், "உனக்கு மனவுறுதி இல்லை" என்பது அநீதி. அவளுக்கு இல்லாதது மனவுறுதி அன்று, அரை மணி நேரம். ஆகவே வழிகாட்டி பேச வேண்டியது அவளிடம் அன்று, கணவரிடமும் மாமியாரிடமும். கதிரவன் மறையுமுன் உண்ணும் நம் இல்லங்களில் அதன்பின் ஒரு நல்ல பொழுது எஞ்சுகிறது. பாத்திரங்களை மற்றவர் கழுவினால் அப்பொழுது அவளுடையதாகும். (எழுபதைக் கடந்த நாமும் கழுவுகிறோம், கை தேய்ந்துவிடவில்லை.)

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிகளின்படி, பெரியவர்க்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான இயக்கம் வேண்டும். சிறுவர்க்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம். அறுபத்தைந்தைக் கடந்தவர், விழாதிருத்தற்பொருட்டு, வாரத்தில் மூன்று நாளேனும் சமநிலைக்கும் தசை வலிமைக்கும் உரிய பயிற்சி செய்தல் வேண்டும். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், சுவரைப் பற்றிக் குதிகால் உயர்த்தல் ஆகியன வீட்டிலேயே இயலும். நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ உள்ளவர் முதலில் மருத்துவரைக் காண்க.

இரண்டாம் வருகையில் குறிப்பேட்டைத் திறந்து, அவரது சென்ற வாரத்தோடு மட்டும் இவ்வாரத்தை ஒப்பிடுக. அண்டை வீட்டாரோடு ஒப்பிடலாகாது. பத்து நிமிடம் நடந்தவர் பன்னிரண்டு நிமிடம் நடந்திருப்பின் அதனைக் குடும்பத்தார் முன்னிலையில் கூறுக. நடவாதிருப்பின் காரணத்தைக் கேட்டு, திட்டத்தை மாற்றி, அடுத்து வரும் நாளைக் குறித்துவிட்டு எழுக.