சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரிய வேண்டும்

அன்புள்ள மதுமிதா,

சீனாவில் தொழிலாளர்கள் ஸ்டிரைக்கே செய்வதில்லையா என்று கேட்டிருந்தாய். செய்கிறார்கள். 1982 அரசியல் சட்டத்தில் வேலைநிறுத்த உரிமையை எடுத்துவிட்டார்கள். கட்சியின் கீழ் இயங்கும் ஒரே கூட்டமைப்பைத் தவிர வேறு சங்கம் கூடாது. அப்படியிருந்தும் செய்கிறார்கள்.

குவாங்டாங் மாகாணத்தின் டோங்குவான் நகரில் யூ யுவான் என்றொரு கம்பெனி. தைவான் முதலாளிகளுடையது. நைக்கி, அடிடாஸ் ஷூக்கள் அங்கே தயாராயின. 2014 ஏப்ரலில் சுமார் 40,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். கூலி உயர்வைவிடப் பெரிய குறை ஒன்று அவர்களுக்கு இருந்தது.

நம் ஊர் பி.எஃப். போல அங்கும் ஓய்வூதியத்துக்கு மாதாமாதம் முதலாளி ஒரு பங்கும் தொழிலாளி ஒரு பங்கும் கட்ட வேண்டும். ஓவர்டைம் உட்பட மொத்த வருமானத்தின் மேல் கணக்கிட வேண்டும் என்பது சட்டம். கம்பெனியோ அடிப்படைச் சம்பளத்தை மட்டும் காட்டிக் கட்டிவந்தது. ஷூ ஆலையில் ஓவர்டைம் பார்க்காமல் குடும்பம் ஓடாது. அந்த உழைப்பு முதுமைக் கணக்கில் ஏறவே இல்லை. மாதச் சம்பளம் கைக்கு வந்துகொண்டிருந்ததால் பலருக்கும் உறைக்கவில்லை. ஓய்வு வயதை நெருங்கியவர்கள் கணக்கைப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. ஆலைப் பெண்களுக்கு அப்போது ஓய்வு வயது 50. குறைந்தது 15 ஆண்டு கட்டியிருந்தால்தான் ஓய்வூதியம். இளவயதில் கிராமத்தை விட்டு வந்து பசை நெடியில் நின்றவர்கள், விட்டுப்போனதை இனி எப்போது சேர்ப்பார்கள்?

போலீஸ் வந்தது. உதவ வந்த ஆர்வலர் ஒருவரைப் பிடித்துவைத்தார்கள். ஆனாலும் பெய்ஜிங்கின் அமைச்சகமே கம்பெனி குறைத்துக் கட்டியதை ஒப்புக்கொண்டது. நிலுவையைக் கட்டுவதாகக் கம்பெனி சொன்னது; மாதம் 230 யுவான் படியும் கூட்டியது. ஒரு சிக்கல்: பழைய ஆண்டுகளுக்கான தொழிலாளியின் பங்கை அவரே போட வேண்டும். அந்தப் பணத்துக்கு அவர் எங்கே போவார்? இது எனக்கு இன்றும் அநியாயமாகவே படுகிறது.

1993இல் ஷென்ஜென் பொம்மை ஆலைத் தீயில், பூட்டிய கதவுகளுக்குள் 87 பேர் இறந்தார்கள், உலகம் அதிர்ந்தது. கணக்கேட்டில் நடக்கும் களவுக்கு அந்த அதிர்ச்சி கிடைப்பதில்லை. ஆகவே எந்த ஆலையைப் பற்றிப் படித்தாலும், சம்பளம் எவ்வளவு என்பதோடு நிறுத்தாதே. அதில் அடிப்படை எவ்வளவு, ஓவர்டைம் எவ்வளவு, எதன் மேல் பிடித்தம் என்று கேள்.

அடுத்து, 2015இல் வியட்நாமின் ஹோ சி மின் நகரில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றித் தேடிப் படி. யூ யுவான் இருக்கும் அதே குழுமத்தின் ஆலை. அங்கே தொழிலாளர்கள் எதிர்த்தது அரசின் சட்டத்தை: வேலையை விட்டால் தங்கள் காப்பீட்டுப் பணத்தை மொத்தமாக எடுக்க முடியாது என்றது அது. அரசு இறங்கிவந்து திருத்தியது.

அன்புடன்,
மாமா