சிவப்பு ரோஜா ஏன் நிறம் மாறியது?

எங்கள் வீட்டு முற்றத்தில் அம்மா ஒரு சிவப்பு ரோஜாச் செடி வைத்தார்கள். முதலாண்டு குங்குமச் சிவப்பாய்ப் பூத்தது. இரண்டாம் ஆண்டில் செடி புதர்போல ஆளுயரம் வளர்ந்தது. பூவோ இளஞ்சிவப்பாய் வந்தது! "பூவைப் பார்க்காம செடி வாங்காதேன்னு அன்னைக்கே சொன்னேன்" என்று பாட்டி விற்றவரைத் திட்டித் தீர்த்தார்கள். நான் தாவரவியல் ஆசிரியையிடம் கேட்டேன். "ஒட்டு இருக்கும் இடத்துக்குக் கீழே பார்" என்றார்கள். பார்த்தேன். முடிச்சுப் போன்ற அந்த இடத்துக்கு மேலே இருந்த கிளை காய்ந்து கிடந்தது. கீழிருந்து கிளம்பிய போத்துதான் அத்தனை உயரம் வளர்ந்திருந்தது. ஏமாற்றியவர் யாருமில்லை, நாங்கள்தான் கவனிக்கவில்லை.

கடையில் வாங்கும் பல நிற ரோஜாக்கள் பெரும்பாலும் ஒட்டுச்செடிகளே. வேர் ஒரு செடியினுடையது, பூ வேறொரு செடியினுடையது. தென்னாட்டில் வேர்ச்செடியாகப் பயன்படுவனவற்றுள் எட்வர்டு ரோஜாவும் ஒன்று. நாம் பன்னீர் ரோஜா என்று மாலைக்கும் பன்னீருக்கும் பயன்படுத்துகிறோமே, அதுதான். வேர்ச்செடிக்கு வேகம் அதிகம். அதன் போத்தை விட்டுவைத்தால் மேலே ஒட்டிய செடிக்குச் சத்து போகாது. ஆகவே ஒட்டுக்குக் கீழே துளிர் கண்டவுடன், மண்ணைச் சற்று விலக்கி, அது தோன்றிய இடத்தோடு பிய்த்தெடுக்க வேண்டும். மேலாக வெட்டினால் ஒன்றுக்கு இரண்டாய் வரும்.

இந்த எட்வர்டு ரோஜாவின் பூர்வீகம் சுவையானது. இந்துமாக் கடலில் இப்போது ரீயூனியன் எனப்படும் தீவுக்கு முன்னாளில் பூர்பான் என்று பெயர். அங்கே சீன ரோஜாவையும் டமாஸ்க் ரோஜாவையும் தோட்டத்து வேலியாக வளர்த்தார்கள். வேலியிலேயே இரண்டும் கலந்து பிறந்ததுதான் பூர்பான் ரோஜா இனம். 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது பிரான்சுக்குப் போய்ப் பெயர் பெற்றது. நம் எட்வர்டு அந்தக் குடும்பம். டமாஸ்க்கின் மணமும், சீன ரோஜாவைப்போல அடிக்கடி பூக்கும் குணமும் இதற்கு உண்டு. வேலியில் பிறந்ததாலோ என்னவோ, யாரும் கவனிக்காவிட்டாலும் பிழைத்துக்கொள்கிறது!

நடும் முறை எளிது. ஒன்றரை அடி ஆழ அகலத்தில் குழி எடுத்து, மக்கிய தொழு உரத்தை மேல்மண்ணோடு கலந்து நிரப்பவும். நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படவேண்டும், தண்ணீர் தேங்கக்கூடாது. ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே தெரியட்டும். வேர் பிடிக்கும்வரை இரண்டு நாளைக்கு ஒரு முறையும், பிறகு வாரம் ஒரு முறையும் தண்ணீர் போதும். வேரில் ஊற்றுங்கள். இலை நனைந்தே இருந்தால் கரும்புள்ளி நோய் வரும். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி எரித்துவிடுங்கள். மார்கழிக் குளிரில் இலைமேல் மாவு தூவியதுபோல் படிந்தால் அது சாம்பல் நோய். லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகம் கலந்து தெளிக்கலாம். அதைப் பெரியவர்கள் செய்யட்டும்.

கவாத்து என்றாலே நம்மில் பலருக்கு மனம் வராது. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்கள் இதற்கு அஞ்சலாமா? சுருளிப்பட்டிப் பக்கம் பன்னீர் திராட்சைப் பந்தலைப் பாருங்கள்; கவாத்து செய்யாத கொடியில் நல்ல காய்ப்பு ஏது? (அத்திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.) ரோஜாவும் புதுக்கிளையில்தான் பூக்கும். அக்டோபர் முதல் டிசம்பருக்குள், காய்ந்த குச்சிகளையும் குறுக்கே ஓடும் கிளைகளையும் நீக்கி, திடமான கிளைகளைப் பாதியாக வெட்டலாம். வெளிப்பக்கம் பார்க்கும் மொட்டுக்குச் சற்று மேலே, கூரிய கத்தரியால் சாய்வாக வெட்டவேண்டும். மழை நாளில் வேண்டாம். வெட்டுவாய் அழுகி நுனி கருகும். நம் பள்ளியில் மட்டும் ஒரு சங்கடம். அக்டோபர் ஜெபமாலை மாதம். மாதா கெபிக்குப் பூ வேண்டுமே! நவம்பரில் மழை வெறித்த நாளாகப் பார்த்து வெட்டுவதே நமக்குச் சரி. வெட்டியபின் செடிக்கு 10 கிலோ தொழு உரம் இடுங்கள். ஜூலையிலும் ஒரு முறை இடலாம்.

எங்கள் சிவப்பு ரோஜா திரும்பவில்லை. அம்மா செடியைப் பிடுங்கப் போனபோது பாட்டியே தடுத்தார்கள். "இதுலதான் மணம் இருக்கு, இருக்கட்டும்" என்றார்கள். கவாத்து செய்த குச்சிகளில் பென்சில் தடிமன் உள்ளவற்றைச் சாணளவு நறுக்கி, ஈர மணலில் நான்கு ஊன்றினேன். எட்வர்டு ரோஜா குச்சியிலேயே வேர்விடும், ஒட்டு வேண்டாம். மூன்று துளிர்த்தன. ஒன்று கெபியின் இடப்புறம் நிற்கிறது. இலை விட்டிருக்கிறது, இன்னும் பூக்கவில்லை.