மழைக்கும் வெயிலுக்கும் ஒரே ஜாக்கெட்டா?

கேள்வி: தினமும் ஒரகடத்துக்கு ஹிமாலயன் பைக்கில் வேலைக்குப் போகிறேன். விடுமுறையில் ஏலகிரி, கொல்லிமலை, என்றாவது லடாக். எல்லாவற்றுக்கும் தாங்கும் மழை ஜாக்கெட் எது?
– வாசகர், தென்னேரி

பதில்: நம் பக்கம் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். மீதி மாதங்களில் வெயிலும் புழுக்கமும். ஆகவே காற்று புகும் மெஷ் ஜாக்கெட்டை வாங்கி, அதன் மேல் போட ஒரு மழைக்கோட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பல ஜாக்கெட்டுகளில் நீர்புகா உறை உள்ளே இருக்கும். உடம்பு நனையாது, ஆனால் வெளித்துணி தண்ணீர் குடித்துக் கனக்கும், எதிர்காற்றில் குளிரும். அந்த உறையை மாட்ட நடுரோட்டில் ஜாக்கெட்டையே கழற்ற வேண்டும். கோர்-டெக்ஸ் போன்ற சவ்வு வெளித்துணியோடு ஒட்டிய வகை நனையாது, விலைதான் அதிகம். அந்தச் சவ்வு வியர்வை ஆவியை வெளியேற்ற வெளிக்காற்று உலர்ந்திருக்க வேண்டும். லடாக்கில் அருமையாக வேலை செய்யும். நவம்பர் மாத வாலாஜாபாத் சாலையில் உள்ளேயே புழுங்குவீர்கள். லடாக் பயணம் முடிவானபின் அதை யோசிக்கலாம்.

மழையை விட விழுவதுதான் எனக்குப் பெரிய கவலை. தோள், முழங்கை காப்புகளில் இ.என். 1621-1, லெவல் 2 என்ற தரக்குறி அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். முதுகுக் காப்புக்கு 1621-2. பல ஜாக்கெட்டுகளில் முதுகில் வெறும் ஸ்பாஞ்சுதான் இருக்கும், உடனே மாற்றிவிடுங்கள். மழைக்கோட்டில் தையல்களின் உட்புறம் டேப் ஒட்டியிருக்க வேண்டும். அளவு பார்க்கும்போது ஜாக்கெட்டோடு பைக்கில் உட்கார்ந்து, கையை நீட்டிப் பாருங்கள்.