மூச்சடக்கி ஆடும் நடனம்

ஆண் மயில் தோகை விரித்தாடிப் பெடையின் உள்ளத்தைக் கவர்தலை நாம் அறிவோம். குளத்தின் அடியில் மூச்சை அடக்கிக்கொண்டு அவ்வாறு ஆடும் சிற்றுயிர் ஒன்றும் உண்டு. அதுவே நியூட்டு. அது பல்லியின் உருவுடையது. எனினும், தவளையைப் போல நீரிலும் நிலத்திலும் வாழும் வகுப்பைச் சேர்ந்தது. நியூட்டுகள் பலவகைப்படும். அவற்றுள் இங்கிலாந்திலும் ஐரோப்பாவின் பிற பகுதிகளிலும் மிகுதியாகக் காணப்படும் வழவழப்பான தோலுடைய நியூட்டைப் பற்றி இங்குக் காண்போம். அதன் நீளம் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர்.

குளிர்காலத்தில் இவ்வுயிர் கல்லிடுக்குகளிலும் மரக்கட்டைகளின் அடியிலும் ஒடுங்கிக் கிடக்கும். இளவேனில் நெருங்கியதும் குளங்களை நாடிச் செல்லும். அப்பொழுது ஆண் புதுக்கோலம் பூணும். அதன் முதுகிலும் வாலிலும் அலைபோன்ற விளிம்புடைய தோல்மடிப்பு எழுந்து நிற்கும். உடலில் கரும்புள்ளிகள் திகழும். வயிறு செம்மஞ்சளாய் ஒளிரும். பெண்ணோ மங்கிய பழுப்பு நிறத்தது.

ஆண் தவளை பெண்ணை முன்கால்களால் இறுகப் பற்றிக்கொள்ளும். இந்நியூட்டு அவ்வாறு செய்வதில்லை. பெண்ணின் எதிரே நின்று, தன் வாலை விலாப்புறமாக மடக்கி, அதன் நுனியை விரைவாக அசைக்கும். அவ்வசைவால் எழும் நீரோட்டம் ஆணின் மணத்தைப் பெண்ணின் நாசிக்குக் கொண்டு செல்லும். இடையிடையே ஆண் தன் வாலைச் சாட்டைபோல் வீச, நீர் பெண்ணின்மேல் மோதும். விருப்பமில்லையாயின் பெண் விலகிச் சென்றுவிடும். விருப்பமுண்டாயின் ஆணை நோக்கி முன்னேறும். உடனே ஆண் திரும்பி மெல்ல ஊர்ந்து செல்லும். பெண் அதனைப் பின்தொடர்ந்து தன் மூக்கால் அதன் வாலைத் தொடும். அத்தொடுகையே இசைவின் அறிகுறி. அப்பொழுது ஆண், தன் உயிரணுக்கள் அடங்கிய சிறு பொதியைக் குளத்தின் தரைமீது வைக்கும். பெண் அதன் மேலாக ஊர்ந்து, அதனைத் தன் உடலினுள் ஏற்றுக்கொள்ளும். சிற்சில வேளைகளில் அப்பொதி பெண்ணிடம் சேராமல் வீணாதலும் உண்டு.

இவ்வளவும் நீரடியில் நிகழ்கின்றன. நியூட்டு தோலின் வழியாகவும் பிராணவாயுவைப் பெறும். ஆயினும், இத்தகைய ஆட்டத்திற்கு அது போதாது. ஆதலின், நுரையீரலில் காற்றை நிரப்ப அது நீர்ப்பரப்பிற்கு வந்தே தீரவேண்டும். ஆட்டத்தின் நடுவே மேலெழுந்தால் பெண் அகன்று போகக்கூடும்; எழாதிருந்தால் மூச்சு முட்டும். இந்நெருக்கடியை டிம் ஹாலிடே என்னும் ஆங்கில விலங்கியலறிஞர் 1970-களில் ஆராய்ந்தார். நீரின் மேலுள்ள காற்றில் பிராணவாயுவைக் குறைத்தபோது, ஆண் தன் ஆட்டத்தை விரைந்து நடத்தியதை அவர் கண்டார். எவ்வளவு நேரம் ஆடலாம் என்பதை அதன் மூச்சும் வரையறுக்கின்றது என்பது இதனால் விளங்கும்.

பின்னர்ப் பெண் நீர்ச்செடிகளின் இலைகளைப் பின்கால்களால் மடித்து, ஒவ்வோர் இலைமடிப்பிலும் ஒரு முட்டையாக, சில நூறு முட்டைகளை இட்டு மறைத்து வைக்கும். ஆணின் அடக்கிய மூச்சும் பெண்ணின் இசைவும் ஒன்றுகூடிய பயனை அவ்விலைகள் பொதிந்து காக்கின்றன.