தொடக்கக் கோட்டில் நிற்கும் மனம்
நம்பிக்கைகளும் உண்மைகளும்

இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலம் வந்தால் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா எங்கும் பாடசாலை மைதானங்களில் சுண்ணாம்புக் கோடு விழும். அங்கே எல்லோரையும் முந்தி ஓடிய பிள்ளை வலயத்தையும் தாண்டி மாகாணப் போட்டிக்குப் போகிறாள். அங்கே பின்தங்கிவிடுகிறாள். “பிள்ளை பயந்திட்டுது” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். காலுக்கு மாதக்கணக்காகப் பயிற்சி கொடுத்த நாங்கள், மனத்துக்கு என்ன கொடுத்தோம் என்று கேட்பதில்லை. மனத்தைப் பற்றி எங்களுக்குள் ஊறிப்போன சில நம்பிக்கைகள்தான் அதற்குக் காரணம்.

நம்பிக்கை 1: “வன்னிப் பிள்ளைகள் கஷ்டத்தில் வளர்ந்தவர்கள். அவர்களுக்கு மனப்பயிற்சி எதற்கு?”

உண்மை: இன்று 15 வயதுப் பிரிவில் ஓடும் பிள்ளைகள் போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு பிறந்தவர்கள். போரையும், இடம்பெயர்ந்தோர் தங்கவைக்கப்பட்ட மெனிக் பாம் முகாமையும் கண்டது அவர்களுடைய பெற்றோர். தொடக்கத் துப்பாக்கி வெடிக்கும்போது பிள்ளைக்கு அது ஓடச் சொல்லும் சத்தம். ஓரத்தில் நிற்கும் தாய்க்கு அதே சத்தம் வேறொன்றையும் நினைவூட்டலாம். தனி ஆளின் மனம் மட்டுமன்றிக் குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்பட்டதை உளமருத்துவர் தயா சோமசுந்தரம் ஆண்டுக்கணக்காக எழுதியிருக்கிறார். பட்ட துன்பம் ஒருவருக்குப் பொறுமையைத் தரலாம், இன்னொருவருக்கு நித்திரையைக் கெடுக்கலாம். ஆனால் ஓட்டத்துக்கு முன் மூச்சை எப்படிச் சீராக்குவது என்பதை அது யாருக்கும் சொல்லித் தருவதில்லை.

முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா எழுபது வயதைக் கடந்தபின், 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் விரைவு நடையிலும் தங்கம் வென்றார். “வன்னி மண்ணின் உரம்” என்று கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் எல்லாவற்றையும் மண்ணின் கணக்கில் எழுதிவிட்டால், அந்த வயதிலும் சப்பாத்தைக் கட்டி மைதானத்தில் இறங்கிய ஒரு மனுசியின் உழைப்பு மறைந்துபோகும்.

நம்பிக்கை 2: “நெஞ்சு படபடத்தால் அந்தப் பிள்ளை பலவீனமானது.”

உண்மை: போட்டிக்கு முன் கை குளிர்வதும், வாய் உலர்வதும், அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுவதும் உடல் தயாராகும் அடையாளங்கள். அதிரினலின் சுரந்து, இரத்தத்தைப் பெருந்தசைகளுக்கு அனுப்புகிறது. ஓரளவு பதற்றம் திறனைக் கூட்டும், அளவு மீறினால் குறைக்கும் என்ற கருத்து 1908இல் யேர்க்ஸ், டொட்சன் என்ற இருவர் செய்த ஆய்விலிருந்து வளர்ந்தது. குண்டு எறிபவருக்குத் தேவையான சூடு வேறு, சதுரங்கப் பலகைக்கு முன் இருப்பவருக்குத் தேவையானது வேறு.

ஆகவே “பயப்பிடாதை” என்று சொல்வதில் பயனில்லை. அந்தச் சொல்லே பயத்தை ஞாபகப்படுத்துகிறது. “உடம்பு ரெடியாகுது, நல்லது” என்று சொல்லிப் பாருங்கள். மேடையில் பாடவும் பேசவும் போகிறவர்கள் தங்கள் படபடப்பை உற்சாகம் என்று தமக்கே சொல்லிக்கொண்டபோது நன்றாகச் செய்தார்கள் என 2014இல் அலிசன் வுட் புரூக்ஸ் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கூடவே மூச்சு: நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். ஐந்தாறு தடவை போதும். ஆனால் இதைப் போட்டியன்று முதன்முதலாகச் சொல்லிக் கொடுத்தால் பலிக்காது. தினமும் பயிற்சி முடிந்ததும் செய்து பழகியிருக்க வேண்டும்.

நம்பிக்கை 3: “ஏசினால்தான் ஓடுவார்கள்.”

உண்மை: நீளம் பாய்தல் குழிக்குப் பக்கத்தில் ஒருமுறை நின்று பாருங்கள். பிள்ளை ஓடுபாதையின் முனையில் நிற்கிறான். “வேகமா வா!” என்கிறார் சேர். “பலகையைப் பார்!” என்கிறான் அண்ணன். “போனமுறை மாதிரி விடாதை!” என்று அப்பா கத்துகிறார். பிள்ளை ஒவ்வொரு குரலுக்கும் முகத்தைத் திருப்புகிறான். ஓடத் தொடங்குகிறான், கடைசி மூன்று அடியில் காலைக் குனிந்து பார்க்கிறான், பலகையை மிதித்துத் தாண்டிவிடுகிறான். சிவப்புக் கொடி எழுகிறது.

ஏச்சும் கூச்சலும் பிள்ளையைத் தன் அசைவையே யோசிக்க வைக்கின்றன. நூற்றுக்கணக்கான தடவை செய்து உடம்பில் ஊறிய அசைவை, நெருக்கடியில் அறிவால் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கப் போனால் அது குலைந்துவிடும். வேகமாகச் சைக்கிள் ஓடும்போது எந்தக் கால் மிதிக்கிறது என்று யோசித்தால் தடுமாறுவோமே, அதுபோல. போட்டி நேரத்தில் ஒரு குரல், ஒரு சொல் போதும். அந்தச் சொல்லைப் பிள்ளையே முன்கூட்டித் தெரிவு செய்யட்டும். திருத்தங்கள் அடுத்த நாள் பயிற்சிக்கு.

நம்பிக்கை 4: “கண்ணை மூடி வெற்றியை நினைத்தால் வெற்றி வரும்.”

உண்மை: பதக்க மேடையை மட்டும் நினைப்பது பகற்கனவு. பயன் தருவது ஒத்திகை, அதிலும் பிழைத்துப்போகும் கட்டங்களின் ஒத்திகை. 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் 200 மீற்றர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் மைக்கல் பெல்ப்ஸின் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. கண் தெரியாமலே கைவீச்சுகளை எண்ணி நீந்தி, உலக சாதனையுடன் தங்கம் வென்றார். அப்படி நடந்தால் என்ன செய்வது என்பதை மனத்தில் முன்பே நீந்திப் பார்த்திருந்தார்.

எங்கள் பிள்ளைகளின் கண்ணாடித் தண்ணீர் வேறு. இரவு பஸ்ஸில் அரைத் தூக்கத்துடன் கொழும்புக்குப் போவது, சுகததாச அரங்கின் செயற்கைத் தளத்தில் முதன்முறை கால் வைப்பது, அறிவிப்பு புரியாமல் திகைப்பது. செம்மண் மைதானத்தில் இருந்தபடியே இவற்றை ஒத்திகை பார்க்கலாம். “பெயர் கூப்பிட்டது விளங்கவில்லை, என்ன செய்வாய்?” என்று கேளுங்கள். பதில் பிள்ளையிடமிருந்து வரட்டும்.

நம்பிக்கை 5: “மனம் பலமானவர் தோற்கமாட்டார், உதவியும் கேட்கமாட்டார்.”

உண்மை: 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதில் உலக சதுரங்கச் சாம்பியனான சென்னையின் குகேஷ், அந்தத் தொடரின் முதல் ஆட்டத்திலேயே தோற்றார். 12ஆவது ஆட்டத்திலும் தோற்றார். 14ஆவதில் வென்று பட்டத்தை எடுத்தார். அவருடன் மனப்பயிற்சியாளராக இருந்தவர் பாடி அப்டன், 2011இல் உலகக் கிண்ணம் வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியுடன் பணியாற்றியவர். உச்சத்தில் இருப்பவர்களே உதவி கேட்கிறார்கள். ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸ் 2021 தோக்கியோ ஒலிம்பிக்கில், காற்றில் சுழலும்போது தன் உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வு தப்பியதால் பல போட்டிகளிலிருந்து விலகினார். 2024 பாரிஸில் மூன்று தங்கங்களுடன் திரும்பினார்.

நம்பிக்கை 6: “நல்ல பயிற்றுநர் இருந்தால் எல்லா மனப்பிரச்சினையும் தீரும்.”

உண்மை: மனப்பயிற்சி திறனைத் தீட்டும். அது மருத்துவம் ஆகாது. பல நாளாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, நண்பர்களோடு பேச்சில்லை, சாவைப் பற்றிப் பேச்சு வருகிறது என்றால் பதக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம்.

இந்த மனப்பயிற்சிகளில் அதிகமானவற்றுக்குப் பணம் தேவையில்லை. உடற்கல்வி ஆசிரியரின் பத்து நிமிடமும், பிள்ளையின் ஒரு கொப்பியும் போதும். இன்று எது சரிவந்தது, எது குழம்பியது, நாளைக்கு என்ன ஒன்றை மாற்றுவேன் என்று மூன்று வரி எழுதட்டும்.

பெற்றோரின் பங்கு வாசற்படியில் தொடங்குகிறது. போட்டி முடிந்து பிள்ளை பையைத் தோளில் போட்டபடி வரும்போது, “எத்தினையாம் இடம்?” என்ற கேள்வி எங்கள் வாயில் தயாராக இருக்கும். அதைக் கொஞ்சம் பொறுத்து வைப்போம். “வா பிள்ளை, சாப்பிட்டிட்டு இரு” என்போம். எத்தனையாவதாக வந்தாலும் இந்த வீட்டில் தன் தட்டு தன் இடத்தில்தான் இருக்கும் என்று தெரிந்த பிள்ளை, அடுத்த முறை தொடக்கக் கோட்டில் பாரம் குறைந்து நிற்கும்.